ஜப்பான் பேக்கரியில் சைவக் காலை உணவு: எதை எடுக்கலாம், எதைக் கேட்டபின் எடுக்கலாம்?

வரும் வசந்தத்தில் குடும்பத்துடன் டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் செல்லவிருக்கும் கோவை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை. எனக்கும் கணவருக்கும் குழந்தைகளுக்கும் முட்டை பழக்கம்தான். மாமியார் அதையும் தொட மாட்டார். காலை உணவை அங்குள்ள பேக்கரிகளிலேயே முடித்துக்கொள்ளலாமா? எவற்றை நம்பி வாங்கலாம்?"

முட்டை சாப்பிடும் உங்கள் நால்வருக்கும் தாராளமாக முடியும். உங்கள் மாமியாருக்குத் தேர்வு சுருங்கும். ஆனாலும் அவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எந்த ரொட்டியையும் தோற்றத்தை வைத்து முடிவு செய்யாமல், அதில் சேர்ந்துள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் ஒரு தட்டையும் இடுக்கியையும் நீங்களே எடுத்துக்கொண்டு, அடுக்குகளில் திறந்து வைத்திருக்கும் ரொட்டிகளில் வேண்டியதைத் தட்டில் வைத்துக் கல்லாவுக்குக் கொண்டுபோக வேண்டும். இடுக்கியால் எடுத்ததைத் திரும்ப வைப்பது முறையல்ல என்பதால், ஐயம் இருந்தால் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கல்லாவில் ஒவ்வொரு ரொட்டியையும் தனித்தனி உறையில் இட்டுத் தருவார்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பை 2020 ஜூலை முதல் கட்டணத்துக்குரியது. ஒரு துணிப்பை கையில் இருக்கட்டும். கடையிலேயே அமர்ந்து உண்ண இடம் இருந்தால், இங்கேயா, எடுத்துச் செல்லவா என்று கேட்பார்கள். 2019 அக்டோபரில் வந்த வரி முறைப்படி எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 விழுக்காடு, அமர்ந்து உண்பதற்கு 10 விழுக்காடு என்று இருப்பதே அந்தக் கேள்விக்குக் காரணம்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பொதியில் அடைத்து விற்கும் உணவில் முட்டை, பால், கோதுமை முதலிய ஒவ்வாமைப் பொருள்களை அச்சிடுவது ஜப்பானில் கட்டாயம். 2023-இல் அக்ரூட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பன்றி, மாடு, கோழி ஆகியவற்றின் இறைச்சியும் ஜெலட்டினும் ஒவ்வாமை அறிவிப்பில் பரிந்துரைக்கப்படும் பொருள்களே தவிர, கட்டாயப் பட்டியலில் இல்லை. கடையிலேயே சுட்டு, உறையின்றி அடுக்கி விற்கும் ரொட்டிக்கோ அந்தக் கட்டாயமும் கிடையாது. ஆகவே ரொட்டியின் முன் இருக்கும் சிறு அட்டையில் முட்டைப் படமோ பால் படமோ இருந்தால் அது கடைக்காரர் தாமாகச் செய்யும் உதவி. படம் இல்லை என்பதால் பொருளும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழந்தைகளை முதலில் ஈர்க்கக்கூடியது கறிப்பான் (ஜப்பானியத்தில் பான் என்றால் ரொட்டி). ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த அதன் உள்ளே கெட்டியான கறிக்குழம்பு இருக்கும். பெரும்பாலும் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ கலந்திருக்கும். காய்கறிக் கறி என்று பெயர் இருந்தாலும், குழம்பைக் கெட்டியாக்கும் கலவையில் விலங்குக் கொழுப்பு சேர்வது வழக்கம் என்பதால் அதை முற்றிலும் தவிர்க்கவே சொல்வேன். நம் ஊர் உருளைக்கிழங்குக் கட்லெட்டைப் போலவே தெரியும் கொரொக்கே வைத்த ரொட்டியில் கொத்திறைச்சி கலந்திருப்பது சாதாரணம். நூடுல்ஸ் திணித்த யாகிசோபா பானில் பன்றித் துண்டுகளும் மேலே மீன் தூவலும் இருக்கலாம். உருளைக்கிழங்கு சாலட் ரொட்டியில் பொடியாக நறுக்கிய ஹாம் மறைந்திருக்கும். கறிப்பான் பொரித்த எண்ணெயிலேயே இனிப்பு டோனட்டும் பொரிபடக்கூடும். இதை மாமியாருக்காக நினைவில் வையுங்கள்.

இனிப்புப் பக்கம் உங்களுக்கு நிம்மதி அதிகம். அன்பானின் உள்ளே இருப்பது சிவப்புப் பயறும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய பூரணம். டோக்கியோவின் கின்சாவில் உள்ள கிமுராயா 1869-இல் தொடங்கிய நிறுவனம். அன்பானை 1874-இல் உருவாக்கியது அதுதான். அரிசியையும் கோஜி என்னும் பூஞ்சையையும் கொண்டு வளர்த்த ஈஸ்டால் மாவைப் புளிக்க வைப்பது அவர்கள் முறை. 1875 ஏப்ரல் 4-ஆம் நாள் மேஜி பேரரசருக்கு அளித்த அன்பானின் நடுவே உப்பிலிட்ட செர்ரிப் பூ ஒன்றைப் பதித்திருந்தார்கள். இன்றும் அப்பூ வைத்த அன்பான் கிடைக்கிறது. இனிப்புப் பூரணத்தின் ஊடே அந்த உப்பும் மணமும் நாவில் படுவது அருமையான அனுபவம். செர்ரி பூக்கும் பருவத்தில் செல்லும் நீங்கள் அதைத் தவற விடாதீர்கள். மேலே பிஸ்கட் மாவு போர்த்திய மெலன்பானும், கஸ்டர்டு நிரப்பிய கிரீம் பானும் உங்கள் நால்வருக்கும் ஏற்றவை; இவற்றில் பொதுவாக முட்டை இருக்கும். அன்பானிலும் மாவிலோ மேல்பூச்சிலோ முட்டை சேர்வது வழக்கம்.

மாமியாருக்கு முதல் தெரிவு பிரெஞ்சு முறை நீள ரொட்டியான பகெட்: மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறு பொருள் பெரும்பாலும் சேராது. அடுத்தது ஷொக்குபான் எனப்படும் சதுர ரொட்டி. பலவற்றில் முட்டை இல்லை என்றாலும், பன்றிக் கொழுப்போ மூலம் தெரியாத ஷார்ட்டனிங் என்னும் கெட்டிக் கொழுப்போ சேர்க்கிறார்களா என்று கேட்டாக வேண்டும்.

கேட்கும்போது "சைவமா?" என்ற ஒற்றைக் கேள்வி போதாது. இறைச்சித் துண்டு இல்லை என்பதை மட்டும் மனத்தில் கொண்டு, ஹாமையும் மீன் சாற்றையும் கொழுப்பையும் கணக்கில் எடுக்காமல் ஒருவர் நல்லெண்ணத்துடனேயே "ஆம்" என்று சொல்லிவிடக்கூடும். நிக்கு என்றால் இறைச்சி, சக்கானா மீன், தமாகோ முட்டை, ராடோ பன்றிக் கொழுப்பு. ரொட்டியைக் காட்டி, "தமாகோ ஹைத்தே இமாஸ் கா?" என்று கேளுங்கள். "ஹைத்தே இமாஸ்" என்றால் இருக்கிறது, "ஹைத்தே இமாசென்" என்றால் இல்லை. இந்தப் பொருள்களை ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்றைப் புறப்படும் முன்பே தயார் செய்துகொண்டால் இன்னும் நல்லது. மதிய நெரிசலில் ஊழியருக்குச் சமையலறைக்குள் போய்க் கேட்டு வர நேரம் இருக்காது. கூட்டம் குறைந்த நேரத்தில் செல்லுங்கள்.

பூரணம் வைத்த ரொட்டியை அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மாமியாருக்கான ரொட்டியை மட்டும் முந்தைய மாலையே விசாரித்து வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடை திறக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டாம்.