பள்ளிக்கு அனுப்புவதா என்பது ஒரு கேள்வி, டாக்டராக்குவதா என்பது வேறு கேள்வி

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் அம்மா எனக்கு நீளமாக எழுதியிருந்தார். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று நம் ஊர்களில் பல வீடுகளில் இந்த வாரம், 2021 பிப்ரவரி தொடக்கத்தில், இதே பேச்சுதான் ஓடுகிறது.

பையன் கிரேடு 10-க்குப் போகிறான். வீட்டில் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கிறது. அப்பாவுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை, போன ஏப்ரலிலிருந்து பாதிச் சம்பளம்தான். ஜனவரி 27-ல் திறக்க வேண்டிய பள்ளி கொரோனாவால் பிப்ரவரி 15-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. இதற்கு நடுவில் ஜொஹானஸ்பர்கில் இருக்கும் நாத்தனார் தினமும் போன் செய்து, "பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடு, ஆன்லைனில் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் படிக்கட்டும், பாதிக் கட்டணம் நான் தருகிறேன், மெடிசினுக்கு அதுதான் சரியான வழி" என்கிறாராம். "என்ன செய்வது என்றே தெரியவில்லை, தூக்கம் வரவில்லை" என்று முடித்திருந்தார்.

அக்கா, உங்கள் பயம் நியாயமானது. டிசம்பரில் அறிவித்தார்களே, அந்தப் புதிய வகைக் கிருமி வேகமாகப் பரவுகிறது. அது எத்தனை வீடுகளில் துக்கம் கொண்டுவந்தது என்று நம் தெருக்களில் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவிலிருந்து முதல் 10 லட்சம் டோஸ் தடுப்பூசி பிப்ரவரி 1-ஆம் தேதி வந்து இறங்கியது நல்ல செய்தி, ஆனால் அது முதலில் சுகாதாரப் பணியாளர்களுக்கு என்றுதான் திட்டம். ஆயாவின் முறை வர மாதங்கள் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள். முதல் பாதி ஆயாவின் உடம்பைப் பற்றியது. இரண்டாம் பாதி முழுக்க மெடிசின். இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது நாத்தனார், நீங்கள் அப்படியே வாங்கிக்கொண்டீர்கள். கொரோனா காலத்தில் பிள்ளையைச் சில வாரம் வீட்டில் வைப்பது என்பது ஆயாவின் டாக்டரையும் கிளினிக்கையும் கேட்டு எடுக்க வேண்டிய முடிவு, நிலைமை மாறினால் அதையும் மாற்றிக்கொள்ளலாம். பள்ளியிலிருந்து பெயரை எடுத்து வேறு பாடத்திட்டத்துக்கு மாற்றுவது மூன்று வருட முடிவு. கிருமி ஓய்ந்த பிறகும் பையன் அதில்தான் உட்கார்ந்திருப்பான்.

முதல் கேள்விக்கு என் பதில்: ஆயாவின் டாக்டர் கண்டிப்பாகத் தடுத்தால் தவிர, அனுப்புங்கள். இந்த 2021 தொடக்கத்தில் ஹைஸ்கூல்களில் சுழற்சி முறைதான், கிரேடு 10 பிள்ளைகள் எல்லா நாளும் போவதில்லை, வகுப்பிலும் பாதிப் பேர்தான். வந்ததும் குளித்து உடை மாற்றட்டும், ஆயாவோடு ஒரே அறையில் தூங்க வேண்டாம், வீட்டுக்குள் ஜன்னல் திறந்திருக்கட்டும். இருமலோ காய்ச்சலோ தெரிந்தால் அன்றே வீட்டில் நிறுத்துங்கள். ஹோட்டலுக்கு ஆள் நிறைந்த மினிபஸ் டாக்சியில் போய் வரும் அப்பாவும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். பையனை மட்டும் அறையில் அடைத்துவிட்டு மற்றவர்கள் வழக்கம்போல் போய் வந்தால் ஆயாவுக்குப் பாதுகாப்பு கிடையாது.

டாக்டர் வேண்டாம் என்று சொன்னால், முதல் டெர்ம் மட்டும் வீட்டில் வையுங்கள், ஆனால் எழுத்தில் கேட்டுவிட்டு வையுங்கள். போன வருடம், 2020-லிருந்தே, கொரோனாவுக்காக இதற்கு வழி இருக்கிறது: பெற்றோர் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் பள்ளி பாடக் குறிப்புகளைத் தர வேண்டும், வீட்டில் படிக்கிறானா என்று பார்ப்பது பெற்றோர் பொறுப்பு. ஆயாவின் மருத்துவச் சான்றிதழை இணைத்துப் பிரின்சிபாலிடம் கொடுங்கள், ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிரேடு 9 முடித்துவிட்டான், கட்டாய வருகைச் சட்டம் இவனுக்குப் பொருந்தாது என்று யாராவது சொல்வார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் காரணம் சொல்லாமல் தொடர்ந்து 10 பள்ளி நாட்கள் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கப் பள்ளிக்கு இடமிருக்கிறது. கிரேடு 10-ல் போன இடத்தைத் திரும்பப் பிடிப்பது லேசில்லை, அதனால் கடிதம் கொடுக்காமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

இனி அந்த ஆன்லைன் கேம்பிரிட்ஜ். படிப்பைக் குறை சொல்லவில்லை, அது தரமானதுதான். உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்கிறேன். மாதக் கட்டணத்தில் பாதியை நாத்தனார் தருவார், சரி. தேர்வுக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் தனி, அதன் விலை பவுண்டில், ராண்ட் சரிந்தால் உங்கள் பில் ஏறும். டேட்டா செலவு, லேப்டாப், லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நேரத்துக்கு ஓர் இன்வெர்ட்டர், இதெல்லாம் யார் தலையில்? அப்புறம் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் டிகிரியில் சேர யுனிவர்சிட்டீஸ் சவுத் ஆப்பிரிக்கா அமைப்பிடம் மெட்ரிக் (இங்கே கிரேடு 12 முடிவுத் தேர்வு) விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கான பாடச் சேர்க்கை விதிகள் வேறு. ஒரு வருடம் கழித்துப் பணம் முட்டி, பழைய பள்ளிக்கே கிரேடு 11-ல் திரும்ப வந்தால் பாடங்கள் பொருந்தாது, இடையில் எழுதியிருக்க வேண்டிய மதிப்பீடுகளும் இருக்காது. பாதிச் சம்பளத்தில் ஓடும் வீடு இன்னொருவருடைய வாக்குறுதியை நம்பி மூன்று வருடச் செலவில் இறங்கக் கூடாது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கூடாது.

மெடிசினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான இடங்களில் 6 வருடம், பிறகு இன்டர்ன்ஷிப் 2, சமூக சேவை 1. இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். உயிரியலில் ஆசையாய் இருக்கும் பிள்ளை என்றால் நானே "முட்டிப் பார்" என்பேன். உங்கள் பையன் அப்படியா?

உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். லோட் ஷெடிங்கில் ஆயா இருட்டில் தடுமாறக் கூடாதென்று பழைய கார் பேட்டரியில் எல்.இ.டி. விளக்கு போட்டுக் கொடுத்தானாம். பக்கத்து வீட்டு கேட் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்தானாம். "இப்படியே விளையாட்டுத்தனமாக இருக்கிறான்" என்கிறீர்கள். அக்கா, அது விளையாட்டில்லை. கிரேடு 9-ல் டெக்னாலஜியில் அவன் வாங்கியிருக்கும் 81-ஐயும் கணக்கில் 68-ஐயும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளை தன் விருப்பத்தைக் கையால் செய்து காட்டியிருக்கிறான், வீட்டில் ஒருவரும் அவனிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் சொல்லப்போவது டெக்னிக்கல் பாடங்கள் உள்ள ஹைஸ்கூல். நம் குடும்பங்களில் "படிப்பு ஏறாத பிள்ளைக்கு" என்று இதை ஒதுக்கி வைத்தாயிற்று. ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. கொல்லத்திலிருந்து 1890-ல் ஒப்பந்தக் கூலியாக வந்து, டர்பன் ரயில் நிலையத்தில் போர்ட்டர் வேலை பார்த்து, பிறகு வாழை பயிரிட்டு உயர்ந்த எம். எல். சுல்தான் கொடுத்த பணத்தில்தான் நம் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று டெக்னிக்கல் காலேஜ் எழுந்தது. மற்ற கல்லூரிகள் கதவைச் சாத்தியிருந்த நாட்கள் அவை. அந்தக் காலேஜ்தான் 2002-ல் டெக்னிக்கான் நேட்டால் என்ற இன்னொரு தொழில்நுட்பக் கல்லூரியோடு இணைந்து இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. எத்தனையோ தாத்தாக்கள் அங்கே மாலை வகுப்பில் படித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள், பேரப்பிள்ளைகளுக்கு இப்போது அந்தப் படிப்பு இளப்பமாகத் தெரிகிறது.

பாடங்களைப் பார்ப்போம். கிரேடு 10-ல் எலெக்ட்ரிக்கல் டெக்னாலஜி எடுத்தால் அதற்குள் மூன்று பிரிவுகள் இருக்கின்றன: பவர் சிஸ்டம்ஸ், எலெக்ட்ரானிக்ஸ், டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ். கேட் மோட்டாரைப் பிரிக்கும் பையனுக்கு முதலாவது பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அவனையே கேளுங்கள். கூடவே எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் அண்ட் டிசைன், அதாவது வரைபடப் பாடம். டெக்னிக்கல் கணக்கு, டெக்னிக்கல் சயன்ஸ் என்றும் இருக்கின்றன. இந்த இடத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: 68 வாங்கும் பையன் சாதாரண மேத்தமேட்டிக்ஸும் ஃபிசிக்கல் சயன்ஸஸும் எடுக்கட்டும். நாளைக்கு எஞ்சினியரிங் டிகிரி வேண்டும் என்று தோன்றினால் பல்கலைக்கழகம் கேட்பது அந்த இரண்டைத்தான். மேத்ஸ் லிட்டரஸி என்ற எளிய அன்றாடக் கணக்குப் பாடத்துக்கு மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இந்தப் பாடத்தின் மதிப்பெண் கணக்கைக் கவனியுங்கள். வழக்கமான முறையில் பள்ளி மதிப்பீடு 25, செய்முறைப் பணி 25, எழுத்துத் தேர்வு 50. செய்முறையில் சர்க்யூட் கட்டி, மீட்டரால் அளந்து, அளவுகளைப் பதிவு செய்ய வேண்டும், ஒரு பொருளைத் தானே வடிவமைத்துச் செய்தும் காட்ட வேண்டும். அதனால்தான் ஆரம்பத்திலேயே அனுப்புங்கள் என்றேன், வொர்க்‌ஷாப்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. முதல் டெர்ம் வீட்டில்தான் என்று முடிவானால்கூட, செய்முறைக்கு மட்டும் எந்தெந்த நாள் வரலாம் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். பெரிய கதவு திறந்திருக்கிற, காற்றோட்டமான வொர்க்‌ஷாப் அடைத்த வகுப்பறையைவிடப் பாதுகாப்பானது, பள்ளிக்குப் போகும்போது அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

மெட்ரிக்குக்குப் பிறகு? அப்ரெண்டிஸாகச் சேர்ந்தால் மூன்று நான்கு வருடம் வேலை செய்துகொண்டே கற்கலாம், அந்த நாட்களில் கையில் உதவித்தொகை வரும். ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா, துறைமுகம், வடக்கில் சர்க்கரை ஆலைகள் என்று டர்பனைச் சுற்றி மின்சாரக்காரர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாத இடங்கள் நிறைய. முடிவில் டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வு, அதில் தேறினால் தகுதி பெற்ற மின்சாரக்காரர் என்று காட்டும் ரெட் சீல் சான்றிதழ். அங்கேயே நிற்க வேண்டியதில்லை. மின் இணைப்பு விதிகளைப் பற்றிய இன்ஸ்டாலேஷன் ரூல்ஸ் பரீட்சை எழுதி, தொழிலாளர் துறையில் பதிவு செய்துகொண்டால் வீடுகளுக்கு மின் இணக்கச் சான்றிதழ் (மின் இணைப்பு விதிப்படி இருக்கிறது என்ற சான்று) கொடுக்கும் உரிமை கிடைக்கும். இந்த நாட்டில் வீடு கைமாறும்போது அந்தச் சான்றிதழ் வேண்டும், 2 வருடத்துக்கு மேல் பழையதாகவும் இருக்கக் கூடாது. சொந்தத் தொழிலுக்கு அதைவிட உறுதியான தொடக்கம் வேறு எது? இதற்கு மேல் லோட் ஷெடிங் நம்மைச் சோலார் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது, கூரையில் ஏறி அதை ஒழுங்காகப் பொருத்தத் தெரிந்தவர்கள் போதவில்லை.

காலேஜ் வழியே போக நினைத்தாலும் தெக்வினி, கோஸ்டல் கேஇசட்என் போன்ற டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வீட்டு ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம், அது திருப்பித் தர வேண்டிய கடன் இல்லை.

இந்த வருடப் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியும் கூச்சப்படாமல் பேசுங்கள். கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளி என்றால், பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானமும் சேர்ந்து ஆண்டுக் கட்டணத்தின் 10 மடங்குக்குக் கீழே இருந்தால் முழு விலக்குக் கேட்கலாம். கட்டணம் 12,000 ராண்ட் என்றால் வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனாலும் பகுதி விலக்கு உண்டு. ஹோட்டலிலிருந்து சம்பளக் குறைப்புக் கடிதத்தை வாங்கி இணைத்துக் கொடுங்கள். இது உங்கள் உரிமை, யாரும் தரும் தயவு இல்லை.

15-ஆம் தேதிக்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று பார்த்தால், ஆயாவின் டாக்டரிடம் ஒரு போன், இப்போதைய பள்ளியில் எலெக்ட்ரிக்கல் டெக்னாலஜி இருக்கிறதா, இல்லையென்றால் எந்தப் பள்ளியில் இன்னும் இடமிருக்கிறது என்று ஒரு விசாரணை. பாடத் தேர்வுப் படிவத்தைப் பையனே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம், அவர் தம்பி பேசட்டும். உதவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்மையிலேயே இருந்தால், பையனுக்கு ஒரு நல்ல மல்ட்டிமீட்டரும் வரைபடக் கருவிகளும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.