மழைக்கணக்கு யார் வேலை?

வணக்கம் அம்மா,

வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள் நான். எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு, வானிலைத் தரவு கையாளும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். கணினியில் வானிலையைக் கணிக்கிற மாடல் போடுவதெல்லாம் ஆண்கள். வந்து குவியும் தரவில் பிழை பார்த்துத் திருத்துவதும், முடிவைத் தமிழிலும் மலையாளத்திலும் எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதுவதும் என் தலையில். 'உனக்குத்தான் எழுத்து நல்லா வருதே' என்கிறார்கள். வீட்டிலோ, 'இதுக்கா இவ்வளவு படிச்சே?' விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போய்விடட்டுமா? நான் எழுதிய மழைக் கட்டுரையையும் அனுப்பியிருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள். இப்போது பார்ப்பது ஆராய்ச்சி இல்லை என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

உங்களுக்குப் பக்கத்து ஊரான பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர் அன்னா மணி. பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். வைரத்தைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, அதன் மங்கிய ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிய வைக்கச் சில சமயம் 15, 20 மணி நேரம் பிடிக்குமாம். 1945-இல் ஆய்வேட்டைக் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. படிக்கும்போதே எரிச்சல் வருகிறது. அவரோ அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை என்கிறார்கள்.

பிறகு லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயிற்சி. 1948-இல் திரும்பிவந்து புணேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறக்குறைய 100 கருவிகளின் வரைபடங்களைச் சீர்படுத்தி, அவற்றை இங்கேயே தயாரிக்க வழிசெய்தார். நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை உண்டாக்கினார். 1980-இல் வந்த அவருடைய கதிர்வீச்சுத் தரவுக் கையேடு முழுக்க எண்கள்தான். ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை, காற்றை அளக்கப் போனார். அன்னா மணி உங்கள் மேலாளரிடம் வேலைக்கு வந்திருந்தால் அவருக்கும் 'பிழை பார்க்கிற' வேலைதான் கிடைத்திருக்கும்.

எண்ணில் பிழை பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது மழைமானியைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். 100 சதுர சென்டிமீட்டர் வாய் கொண்டதும் உண்டு, 200 கொண்டதும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு முதலாவதில் 10 மில்லி தண்ணீர் சேரும், இரண்டாவதில் 20. ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டர் கோடு போட்ட தனித்தனி அளவு ஜார். பெரிய மானியின் ஜார் உடைந்துபோய், அதற்குச் சின்ன மானியின் ஜாரை வைத்துக்கொண்டால் 20 மில்லிமீட்டர் மழை 40 ஆகிவிடும். மாற்றி வைத்தால் பாதியாகிவிடும். அந்த எண்ணைத் தின்ற மாடலுக்கு இது தெரியாது. ஒரு வருஷத்திலிருந்து மழை திடீரென்று சரிபாதியாகத் தெரிகிறதே என்று சந்தேகப்பட்டு, நிலையத்துக்குப் போன் போட்டு 'எந்த ஜார் வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்கிறவருக்குத்தான் தெரியும். அப்படிக் கேட்டது நீங்கள் என்றால், ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கடைசிப் பத்தியில் நன்றி சொன்னால் போதாது. வாய் திறந்து கேளுங்கள். 'எழுத்து நல்லா வருதே' என்ற பாராட்டுக்கு மயங்கிப் பெயரை விட்டுக்கொடுத்த பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கட்டுரை நடை நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'வரலாறு காணாத மழை' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்களே, எந்த மழைமானியில்? எத்தனை வருஷப் பதிவை வைத்து? அதைத்தான் முதலில் தேடினேன், கிடைக்கவில்லை. ஜார் சமாசாரமெல்லாம் வாசகருக்கு அலுக்கும் என்று விட்டுவிட்டீர்கள்போல. அலுக்காது. குமுளிச் சந்தையில் ஏலக்காய் விற்க வருகிறவர் எடைக்கல்லைத் திருப்பிப் பார்க்காமல் விற்பதில்லை.

அடுத்த கட்டுரைக்கு உங்கள் எஸ்டேட் ஆபீஸ் மழைப் பதிவேட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். வானிலைத் துறையில் காலை 8.30-க்கு அளந்து, அதுவரையிலான 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுவார்கள். திங்கள் சாயங்காலம் கொட்டியது செவ்வாய்க் கணக்கில் வரும். உங்கள் எஸ்டேட்டில் எந்தத் தேதியில் போடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வருஷங்களுக்கு நடுவில் பதிவு எழுதும் ரைட்டர் மாறியபோது வழக்கமும் மாறியதா என்பதையும் பாருங்கள்.