கம்பெனி கார்டு இருக்கும்போது சொந்தக் கார்டு எதற்கு?

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 46. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு 68. 2011-ல் எனக்காக எடுத்த மெடிக்கல் கார்டுக்கு, அதாவது மருத்துவக் காப்பீட்டுக்கு, மாதம் 310 ரிங்கிட் கட்டிவந்தேன். இனி 340 என்று கடிதம் வந்திருக்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஏறுமாம். இதற்கிடையில் கம்பெனி குரூப் காப்பீட்டை மாற்றிவிட்டது. எனக்கு ஆண்டுக்கு 50,000 ரிங்கிட் வரம்பு, பில்லில் 10 விழுக்காட்டை நானே கட்ட வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கு வேண்டுமானால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். "கம்பெனி கார்டு இருக்கிறது, அரசாங்கமும் சீர்திருத்தம் கொண்டுவந்துவிட்டது, சொந்தக் கார்டை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் படிப்புக்குச் சேருங்கள்" என்கிறார் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு வருடமாக இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை சாப்பிடுகிறேன். ஏஜண்டோ பழையதை விட்டுவிட்டு, கோ-பேமெண்ட் உள்ள, அதாவது பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும், புதிய கார்டுக்கு மாறச் சொல்கிறார். அம்மாவின் கார்டை 2024-ல் விலை ஏறியதும் நிறுத்திவிட்டோம். பிறையில் லாரி ஒர்க்‌ஷாப் நடத்தும் என் மச்சானும், தன் ஒன்பது ஊழியர்களுக்குக் காப்பீடு எடுக்கலாமா என்று கேட்கச் சொன்னார். — பட்டர்வொர்த் வாசகர்

பதில்: வணக்கம். உங்கள் சொந்தக் கார்டை விட வேண்டாம். ஆனால் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: இரண்டு கார்டுகள் ஒரே பில்லின் முதல் ரிங்கிட்டிலிருந்தே போட்டி போடும்படி வைத்துக்கொண்டு இரண்டுக்கும் முழு விலை கொடுப்பது வீண்தான். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் அந்தச் சீர்திருத்தம். 2024-ல் பலருக்குப் பிரிமியம் ஒரேயடியாக 40, 50 விழுக்காடு ஏறியதும் ஊரெல்லாம் சத்தம் கிளம்பியது. அந்த டிசம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும், குறைந்தது 80 விழுக்காட்டுப் பாலிசிதாரர்களுக்கு ஆண்டு ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், இந்த ஏற்பாடு 2026 இறுதிவரை நடப்பில் இருக்கும் என்றது. கவனித்துப் பாருங்கள், ஏற்றத்தை யாரும் ரத்து செய்யவில்லை, தவணை போட்டிருக்கிறார்கள். உங்கள் 310, 340 ஆனதும் அந்த 10 விழுக்காட்டுக்குள்தான். இதே வேகத்தில் மூன்று முறை ஏறினால் 410 ரிங்கிட் பக்கம் வந்து நிற்கும். பட்ஜெட் போடும்போது 340 என்று எழுதாமல் 410 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் ஏறுகிறது? 2021-க்கும் 2023-க்கும் இடையில் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளின் செலவு மொத்தமாக 56 விழுக்காடு ஏறியதாகப் பேங்க் நெகாரா சொன்னது. தனியார் மருத்துவமனையில் டாக்டர் கட்டணத்துக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உச்சவரம்பு அட்டவணை உண்டு. மருந்து, ஊசி, கையுறை, கருவி என்று பில்லில் பக்கம் பக்கமாக ஓடுகிறதே, அதற்கு அப்படிப்பட்ட அட்டவணை இல்லை. இன்ன சிகிச்சைக்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே நிர்ணயிக்கும் டி.ஆர்.ஜி. முறையையும், எல்லோரும் வாங்கக்கூடிய அடிப்படைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றையும் கொண்டுவர அரசாங்கமும் பேங்க் நெகாராவும் சேர்ந்து வேலை செய்கின்றன. உண்மையான சீர்திருத்தம் என்று நான் எண்ணுவது இந்த இரண்டையும்தான். அதுவரை நடப்பது என்ன? காப்பீட்டு நிறுவனம் முதலாளியிடம் விலையை ஏற்றுகிறது, முதலாளி 10 விழுக்காட்டை ஊழியரிடம் தள்ளுகிறார், ஊழியருக்குத் தள்ளிவிட ஆள் இல்லை.

உங்கள் எச்.ஆர். வேண்டுமென்றே கெடுதல் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குரூப் காப்பீட்டில், போன வருடம் ஊழியர்கள் எவ்வளவு கிளெய்ம் செய்தார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த வருட விலையைச் சொல்வார்கள். இரண்டு மூன்று பெரிய அறுவை சிகிச்சை போதும், விலை எகிறிவிடும். அப்போது முதலாளி முன்னால் இருப்பவை குறைவு: வரம்பை வெட்டலாம், குடும்பத்தைக் கழட்டிவிடலாம், கோ-பேமெண்ட் வைக்கலாம். உங்கள் கம்பெனி மூன்றையும் செய்திருக்கிறது! ஒன்றைப் பாருங்கள்: குடும்பத்துக்கும் காப்பீடு என்று உங்கள் நியமனக் கடிதத்திலோ, தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால், ஊழியர் சம்மதமில்லாமல் அவர்கள் இஷ்டத்துக்கு அதை எடுத்துவிட முடியாது. கடிதத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

சரி, இப்போது கணக்கு. இருதய பைபாஸ் என்று வைத்துக்கொள்வோம், பில் 85,000 ரிங்கிட். கம்பெனி கார்டு மட்டும் இருந்தால் அது 50,000-த்தோடு நின்றுவிடும். மீதி 35,000 உங்கள் தலையில். சொந்தக் கார்டும் இருக்கிறது, ஆனால் அதில் 20,000 ரிங்கிட் டிடக்டிபல், அதாவது முதல் 20,000-ஐ நிறுவனம் தராது, அதற்கு மேல் தரும். அப்போது 65,000-ஐச் சொந்தக் கார்டு பார்த்துக்கொள்ளும். முதல் 20,000 கம்பெனி கார்டின் வேலை. அதில் உங்கள் 10 விழுக்காடு 2,000. ஆக 35,000 இருந்த இடத்தில் 2,000. குடல்வால் அறுவை சிகிச்சை மாதிரி 14,000 ரிங்கிட் பில் என்றால் சொந்தக் கார்டுக்கு வேலையே இல்லை, நீங்கள் 1,400 கட்டுவீர்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். பெரிய அடிக்குத்தான் காப்பீடு.

இப்படி டிடக்டிபல் வைத்தால் பிரிமியம் கணிசமாகக் குறையும். மனைவி கேட்கும் படிப்புக் காசு அங்கேதான் இருக்கிறது. அதே நிறுவனத்தில், அதே பாலிசியில், மறுபடி மருத்துவக் கேள்வி கேட்காமல் டிடக்டிபலுக்கு மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். 20,000 என்பது வருடத்துக்கா, ஒவ்வொரு நோய்க்குமா? பணி ஓய்வு பெறும்போது மருத்துவப் பரிசோதனை இல்லாமல் டிடக்டிபலை நீக்கிக்கொள்ள முடியுமா? சில பாலிசிகளில் இந்த வசதி உண்டு. உங்களுக்கு இதுதான் முக்கியம். அது இல்லையென்றால் குறைந்த டிடக்டிபலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உங்கள் இனிப்பு நீர். 2011-ல் நல்ல உடம்போடு எடுத்த கார்டு அது. பிறகு வந்த இனிப்பு நீரும், அதனால் வரக்கூடிய இருதய, சிறுநீரகப் பிரச்சினைகளும் அதில் அடங்கும். ஏஜண்டு சொல்வது போல வேறு புதிய கார்டுக்கு மாறினால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் விலையைக் கூட்டுவார்கள், அல்லது இனிப்பு நீர் சம்பந்தப்பட்ட எதுவும் இல்லை என்று எழுதிவிடுவார்கள், அல்லது விண்ணப்பத்தையே மறுப்பார்கள். சொல்லாமல் மறைத்தால் பணம் தேவைப்படும் நாளில் கிளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகும். போதாக்குறைக்குப் பொது நோய்களுக்கு 30 நாள், குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள் காத்திருப்புக் காலம் மறுபடி ஆரம்பிக்கும். அந்த 120 நாள் பட்டியலில் இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் இருதய நோயும் இருக்கின்றன. புதிய பாலிசியில் முதல் ஆண்டு கமிஷன் அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள். ஏஜண்டைத் திட்டவில்லை, அவர் பிழைப்பு அது.

இன்னொன்று: 60 வயதில் ஓய்வு பெறும் அன்றே கம்பெனி கார்டு போய்விடும். அதற்கு முன்பே ஆலை ஆட்குறைப்பு செய்தாலும் போய்விடும். அப்போது இனிப்பு நீரோடு 60 வயதுக்காரருக்குப் புதிதாகக் கார்டு தர எந்த நிறுவனமும் ஓடி வராது. உங்கள் மனைவியிடம் இந்த ஒன்றைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

உங்களுடையது முதலீட்டோடு சேர்ந்த பாலிசியாக இருந்தால், "ஏற்றத்தைக் கட்ட வேண்டாம், பழைய 310-ஐயே கட்டுங்கள், பாலிசி ஓடும்" என்று யாராவது சொல்வார்கள். ஓடும், ஆனால் எது வரை? காப்பீட்டுக் கட்டணத்தை மாதா மாதம் உங்கள் முதலீட்டு யூனிட்டுகளை விற்றுத்தான் எடுக்கிறார்கள். யூனிட் தீர்ந்த அன்று கார்டும் தீர்ந்தது. எந்த வயது வரை தாங்கும் என்று நிறுவனத்திடம் கணக்கு கேட்டு வாங்குங்கள்.

கோ-பேமெண்ட் என்றாலே பலர் அலறுகிறார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. 2024 செப்டம்பர் முதல், கோ-பேமெண்ட் உள்ள திட்டங்களையும் நிறுவனங்கள் விற்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் அதற்கு மாறியே ஆக வேண்டும் என்பதல்ல. அந்த விதிப்படி அவசர சிகிச்சைக்கும், அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சைக்கும், புற்றுநோய், டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சைக்கும் கோ-பேமெண்ட் கிடையாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: உங்கள் பங்குக்கு ரிங்கிட்டில் மேல்வரம்பு இருக்கிறதா? 10 விழுக்காடு என்று மட்டும் போட்டு வரம்பு எழுதாத திட்டமானால், 85,000 பில்லில் 8,500 உங்களுடையது. எச்.ஆரிடம் இதைக் கேளுங்கள்.

நடைமுறையில் ஒரு தொந்தரவு உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். காலை 9 மணிக்கு டாக்டர் வந்து "வீட்டுக்குப் போகலாம்" என்பார். நீங்கள் சட்டையை மாற்றிக்கொண்டு, மாத்திரைப் பையோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பீர்கள். பில்லை நாங்கள் கட்டுகிறோம் என்று காப்பீட்டு நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம், நம் வாயில் ஜி.எல்., வந்து சேர மதியம் தாண்டிவிடும். இரண்டு கார்டு இருந்தாலும் மருத்துவமனை பெரும்பாலும் ஒன்றில்தான் ஜி.எல். எடுக்கும். மீதியை முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு அடுத்த நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதனால் அனுமதியாகும்போதே கவுண்டரில் இரண்டு கார்டையும் காட்டிவிடுங்கள். விவரமான பில், முதல் நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்ற கடிதம், டாக்டர் அறிக்கை இந்த மூன்றும் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன இருக்கிறது? கடிதம் முழுக்க உங்கள் கார்டைப் பற்றியே பேசினீர்கள். இதுவரை கம்பெனியை நம்பியிருந்தவர்கள் இப்போது வெறுங்கையோடு நிற்கிறார்கள். மனைவி நல்ல உடம்போடு இருக்கும்போதே அவர் பெயரில் ஒரு கார்டு எடுங்கள். பிள்ளைகளுக்கு விலை குறைவாகத்தான் வரும். புதிய கார்டுகளின் காத்திருப்புக் காலம் முடியும்வரை, முதல் ஒரு வருடத்துக்கு மட்டும் சம்பளப் பிடித்தத்துக்குச் சம்மதித்து அவர்களைக் குரூப்பில் வைத்திருங்கள். உங்கள் கார்டில் மிச்சமாவது இதற்குப் போகும். படிப்புக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும், அதை மறைக்கவில்லை.

காசு போதாவிட்டால் ஊழியர் சேமநிதியில் கை வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மருத்துவக் காப்பீட்டுக்குச் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து பணம் எடுக்க விடலாம் என்று 2025-ல் பேச்சு எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு தந்த பணத்தை எடுத்து, ஆண்டுதோறும் ஏறும் பிரிமியத்துக்குக் கட்டினால் 60 வயதில் இரண்டுமே இருக்காது. வருமான வரியில் மிச்சம் பிடியுங்கள்: மருத்துவ, கல்விக் காப்பீட்டுக்கான கழிவு 2025 வரி ஆண்டு முதல் 4,000 ரிங்கிட். முதலீட்டுப் பாலிசியில் மருத்துவப் பகுதிக்கு மட்டும்தான் இந்தக் கழிவு. நிறுவனம் அனுப்பும் ஆண்டு அறிக்கையில் அது பிரித்துப் போட்டிருக்கும்.

அம்மா விஷயம். 2024-ல் விலையேற்றத்தால் கைவிட்ட பாலிசிகளை, புதிய மருத்துவக் கேள்விகள் இல்லாமல் மீட்டுத் தர வேண்டும் என்பதும் பேங்க் நெகாரா அப்போது விதித்ததில் ஒன்று. அம்மாவின் நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.-இல் புகார் கொடுக்கலாம், செலவில்லை. கிடைத்தாலும் மிகக் குறைந்த திட்டத்தையே எடுங்கள். கிடைக்காவிட்டால் 68 வயதில் புதிதாக எடுக்கப் போய் மாதம் பெருந்தொகை கட்ட வேண்டாம். பினாங்கு பெரியாஸ்பத்திரியில் நிபுணர் கட்டணம் 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 ரிங்கிட். காத்திருக்க வேண்டும், உண்மைதான். அவசரமில்லாத ஸ்கேனைத் தனியாரில் எடுத்துக்கொண்டு சிகிச்சையை அரசாங்கத்தில் பார்க்கிறார்கள் பலர், அது நல்ல வழி. அதற்கென்று அம்மா பெயரில் மாதம் 200 ரிங்கிட் தனியாகப் போடுங்கள். பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை வரிக்கழிவும் இருக்கிறது, ரசீதைத் தொலைக்காதீர்கள்.

மச்சானுக்கு: உள்ளூர் ஊழியருக்கு மருத்துவமனைக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஊழியர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ கட்டாயம்; வேலையிட விபத்தும், வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் அடங்கும். வெளிநாட்டு ஊழியர் இருந்தால் அவர்களுக்கு ஸ்பிக்பா எனும் மருத்துவமனைக் காப்பீடு கட்டாயம். ஒன்பது பேருக்குக் குரூப் எடுத்தால், ஒருவருக்குப் பெரிய நோய் வந்தாலே அடுத்த வருட விலை தாறுமாறாகலாம். கொடுத்த சலுகையைத் திரும்ப எடுப்பது கொடுக்காமல் இருந்ததைவிட மனக்கசப்பு. பக்கத்து கிளினிக்கோடு ஒரு கணக்கு வைத்து, ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு போடச் சொல்லுங்கள். அதோடு, சொந்தக் கார்டு வைத்திருக்கும் ஊழியருக்கு மாதம் 80, 100 ரிங்கிட் என்று பிரிமியத்தில் பங்கு கொடுக்கலாம். ஆள் ஒர்க்‌ஷாப்பை விட்டுப் போனாலும் கார்டு அவரோடு போகும். செலவும் மச்சானுக்கு முன்கூட்டியே தெரியும். பணம் கொடுக்கும் முன் பிரிமியம் கட்டிய ரசீதை மாதா மாதம் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.