மகனுக்கு மோட்டார்: சிசியைப் பார்ப்பதா, பிரேக்கைப் பார்ப்பதா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்கு பாலம் வழியாகத்தான் போய் வர வேண்டும்; இரவு ஷிஃப்டும் உண்டு. 150 சிசி மோட்டார் சைக்கிள் கேட்கிறான். 110 சிசி கப்சாய் போதும் என்கிறேன் நான். சின்ன மோட்டார் என்றால் விழுந்தாலும் அடி குறைவாகத்தானே படும்? கையில் பணம் அதிகமில்லை. எதில் செலவு செய்வது, ஐயா?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் கவலை நியாயமானது, அம்மா. மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள்தான். ஆனால் சிசியை மட்டும் வைத்து அடியின் கடுமையைக் கணக்கிட முடியாது. கப்சாயும் பாலத்தில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். விழும்போது உடம்பு வாங்கும் அடி வேகத்தைப் பொறுத்தது, அதுவும் பல மடங்காக: 60இல் போவதைவிட 80இல் போனால் மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும்.

எதன் மேல் மோதுகிறோம் என்பது அடுத்தது. வெறும் தாரில் விழுந்து சறுக்குகிறவர் தோல் உரிந்து எழுந்துவிடலாம். அதே வேகத்தில் சாலையோரத் தடுப்பின் கம்பத்திலோ, நிற்கும் லோரியிலோ மோதினால் கதையே வேறு. பாலத்தில் மோட்டாருக்கென்று இடது ஓரத்தில் பாதை இருக்கிறது, அதிலேயே போகச் சொல்லுங்கள். கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும், அங்கே வேகம் கூடாது. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம் இன்னும் ஆபத்து: சாலை காலியாக இருப்பதால் எல்லோரும் விரைவார்கள், கண்ணும் சொருகும். தூக்கம் வந்தால் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் படுத்துவிட்டு வரட்டும்.

இனி பணம். என்னைக் கேட்டால் முதல் செலவு ஹெல்மெட்தான், மோட்டார் அப்புறம். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2008ஆம் ஆண்டு மறுஆய்வு, ஹெல்மெட் மரண அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று சொல்கிறது. கடையில் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பிருந்தால் தாடையையும் மூடும் முழு ஹெல்மெட்டே வாங்குங்கள், முகத்தில் படும் அடியில் பெரும்பங்கு தாடைக்குத்தான். மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாரைப் பூட்டியபின் பின்பக்கத்திலிருந்து தூக்கினால் கழன்று வரக் கூடாது. நம்மூரில் நிறைய பேர் போலீஸ்காரருக்காக ஹெல்மெட்டைத் தலையில் வைத்துவிட்டு வாரைத் தொங்கவிடுகிறார்கள். மோதிய அந்த நொடியில் அது தலையை விட்டுப் பறந்துவிடும். பழைய ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒரு முறை நசுங்கினால் மறுபடி அடி தாங்காது, அது வெளியே தெரியவும் தெரியாது.

மோட்டாரில் பார்க்க வேண்டியது பிரேக். மலிவான சில கப்சாய்களில் முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் இருக்கும். அதைவிட நன்றாகப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் முன்னால் உள்ளதாகப் பாருங்கள். ஏபிஎஸ் உள்ளது கைக்கு எட்டினால் மகன் கேட்கும் 150 சிசியே வாங்கிக்கொடுங்கள் என்பேன். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தள்ளிவிடாமல் ஏபிஎஸ் காக்கும், மழையில் ரொம்பவே உதவும். ஏபிஎஸ் இல்லாத 150ஐவிட டிஸ்க் உள்ள 110 எனக்குத் திருப்தி. பழைய மோட்டார் வாங்கினால் இரண்டு டயரையும் மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

மரணத்துக்குத் தலைக்காயம் பெருங்காரணம் என்றால், பிழைத்தவர்களை மாதக்கணக்கில் படுக்கையில் போடுவது பெரும்பாலும் கால் முறிவு. செருப்போடு ஓட்ட விடாதீர்கள், கணுக்காலை மூடும் காலணி போடட்டும். ஜேக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போகும் பழக்கம் இங்கே உண்டு. காற்றை மறைக்கும், சரி. விழுந்தால் முதுகு தாரில் உரசும். ஒழுங்காக மாட்டி ஜிப்பைப் போடச் சொல்லுங்கள்.

கடைசியாக, இன்சூரன்ஸ். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தால் உங்கள் மகனுக்கு ஏற்படும் காயத்துக்கு அது ஒரு காசும் தராது. எதிரில் இருப்பவருக்கு மட்டும்தான். தனிநபர் விபத்துப் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் நடக்கும் விபத்துக்கு சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பு உண்டு என்பது நிறைய பெற்றோருக்குத் தெரிவதில்லை. முதலாளி மகனின் பெயரைப் பதிந்து சந்தா கட்டுகிறாரா என்று முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வழியில் ஏதாவது நடந்தால் உடனே போலீஸ் புகார் செய்து, மருத்துவச் சான்றோடு முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.