தொழுவத்தில் கிடந்த சொம்பு

வணக்கம் ஐயா,

சன்னி லியோனைப் பற்றித் திலீப் மேத்தா எடுத்த ‘மோஸ்ட்லி சன்னி’ ஆவணப்படத்தைப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, கைப்பேசியில். கனடாவில் சீக்கியக் குடும்பத்தில் கரன்ஜித் கவுராகப் பிறந்தவர் ஆபாசப் படங்களில் நடித்து, பிக் பாஸ் வழியாக இந்தி சினிமாவுக்கு வந்த கதை. செய்ததற்கு ஒரு துளி வருத்தமும் அவர் முகத்தில் இல்லை. இப்படிப் படம் எடுப்பது அந்தத் தொழிலை நியாயப்படுத்துவது ஆகாதா? எனக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். அவள் கேட்டால் என்ன சொல்வேன்?

வாசகர், அரூர்

அன்புள்ள நண்பருக்கு,

வருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். 2016 ஜனவரியில் ஓர் ஆங்கிலச் செய்தித் தொலைக்காட்சியின் பேட்டியில், எதற்காவது வருந்துகிறீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். அம்மா இறந்தபோது நேரத்துக்கு வீடு போய்ச் சேர முடியவில்லை என்றார். பேட்டி அதோடு நிற்கவில்லை. திரும்பத் திரும்பப் பழைய தொழிலுக்கே அவரை இழுத்தது. குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். நீங்கள் அவர் முகத்தில் தேடிய வருத்தமும் அந்தப் பேட்டி தேடிய வருத்தம்தான்.

எண்பதுகளில், காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் ரெக்கார்டு டான்ஸ் வைப்பார்கள். ஒரு வருடம் ஆட்டம் முடிந்து, விடியற்காலை மூன்று மணிக்கு, ஆட வந்த பெண்களில் ஒருத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள். பவுடர் வியர்வையில் வரிவரியாக வழிந்திருந்தது. தோளில் காய்ச்சலோடு ஒரு கைக்குழந்தை. ஊர்ப் பெரியவர்கள் ரவிக்கையில் குத்திய பத்து ரூபாய் நோட்டுகள் குண்டூசியோடு அப்படியே இருந்தன. வெந்நீர் கேட்டாள். அம்மா அடுப்பைப் பற்றவைத்து, காய்ச்சி, ஒரு பித்தளைச் சொம்பில் கொடுத்தாள். அவள் போனதும் ஆயா அந்தச் சொம்பை உள்ளே எடுத்துவர விடவில்லை.

நோட்டுக் குத்தியவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். காலையில் அதே வாசல் வழியாக வந்து, திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார். சொம்பு மட்டும் நான் கல்லூரிக்குப் போகும்வரை தொழுவத்தில், தவிட்டுக்குள் கிடந்தது.

ஆவணப்படம் நியாயப்படுத்துகிறதா என்று கேட்கிறீர்கள். அப்படியானால் முதலில் மகிழ வேண்டியவர் சன்னி லியோன்தானே. 2016இல் டொரண்டோ திரைப்பட விழாவில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது அவர் போகவில்லை. தன் கதையை இன்னொருவர் தன் பார்வையில் சொன்னது என்று ஒதுங்கிக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தானே நடித்துத் தன் கதையை வலைத்தொடராகக் கொடுத்தார். தலைப்பில் கரன்ஜித் கவுர் என்ற பெயர் இருந்தது. சீக்கியப் பெண்கள் தாங்கும் கவுர் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. பிறந்தபோது வைத்த பெயர் அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தொழுவமும் சொம்பும்தான் நினைவுக்கு வந்தன.

மகள் கேட்டால் மழுப்பாதீர்கள். அந்தத் தொழிலுக்குள் கடனாலும் மிரட்டலாலும் தள்ளப்பட்ட பெண்கள் உண்டு, அதைச் சொல்லுங்கள். இணையத்தில் ஒருமுறை ஏறிய படத்தை முழுதாக அழிப்பது ஏறக்குறைய முடியாத காரியம், அதையும் சொல்லுங்கள். ஆனால் சன்னி லியோன் என்ற பெயரை ஒரு வசைச்சொல்லாக்கி அவளை எச்சரிக்க வேண்டாம். நாளை எவனோ ஒருவன் உங்கள் மகளின் புகைப்படத்தைத் திரித்துப் பரப்பினால், அவள் ஓடி வர வேண்டியது உங்களிடம்தான். இப்படிப்பட்ட பெண்களைப் பற்றி அப்பா என்ன சொல்வார் என்பது அன்றைக்கு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அன்புடன்.