வேலை எண்கள்: கேட்டீர்கள், சொல்கிறோம்

கேள்வி: தமிழ்நாட்டில் வேலையின்மை வெறும் 3.5 சதவீதம்தான் என்று செய்தி பார்த்தேன். எங்கள் ஊரில் உளுந்து பிடுங்கி முடித்தால், மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை பையன்கள் மதகுக் கட்டையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த ஊரைக் கணக்கெடுத்தார்கள்?
*வாசகி, திருவாரூர் மாவட்டம்*

உங்கள் ஊரையும் சேர்த்துத்தான். அந்த 3.5, தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பின் (பி.எல்.எஃப்.எஸ்.) 2023-24ஆம் ஆண்டு எண். எண்ணில் தப்பில்லை. ஆனால் 'வேலையில் இருப்பவர்' என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

மதகில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். நடவுக்கு நாற்றுக்கட்டு சுமந்தது 20 நாள், அறுவடையில் மூட்டை தூக்கியது 15 நாள். மொத்தம் 35 நாள். இன்னொரு 200 நாள் வேலை தேடினான். மீதி நாளில் வேலையும் இல்லை, தேடவும் இல்லை. வருடத்தில் பெரும்பகுதி எப்படிப் போனது என்று பார்த்தால் அவன் வேலையற்றவன். ஆனால் செய்தியில் வரும் விகிதம் 'வழக்கமான நிலை' என்ற கணக்கு. அதில், கடந்த 365 நாளில் துணைத் தொழிலாக 30 நாளாவது வேலை பார்த்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். 35 நாள் செய்த நம் பையன் தேறிவிட்டான்! டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவின் பெட்டிக்கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பவரும் அப்படியே. அவருக்கு 'ஊதியமில்லாக் குடும்ப உதவியாளர்' என்று பெயர்.

இன்னொரு அளவுகோல் 'நடப்பு வார நிலை'. கடந்த 7 நாளில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தாரா என்பது கேள்வி. மே மாதத்தில் கேட்டால் உங்கள் ஊர்ப் பையன் இதில் வேலையற்றவனாக வருவான். அதனால்தான் அதே 2023-24இல் நாடு முழுவதற்குமான வேலையின்மை, வழக்கமான நிலையில் 3.2 ஆகவும் வார நிலையில் 4.9 ஆகவும் இருந்தது. டெல்டா போலப் பருவத்தை நம்பிப் பிழைக்கும் பகுதிக்கு வார நிலைதான் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். நடவு இயந்திரமும் பெல்ட் வைத்த அறுவடை மிஷினும் வந்தபிறகு கூலி நாட்கள் சுருங்கியது, முப்பது நாள் வரம்பு வைத்த கணக்கில் சரியாகத் தெரியாது.

விகிதம் குறைந்தது என்ற செய்தி வரும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 57 பேர் வேலை பார்க்கிறார்கள், 3 பேர் தேடுகிறார்கள் என்றால் வேலையின்மை 60இல் 3, அதாவது 5 சதவீதம். தேடும் மூவரில் இருவர் அலுத்துப்போய்த் தேடுவதை விட்டால் 58இல் 1, அதாவது 1.7 சதவீதம். புதிதாக ஒரு வேலைகூட முளைக்கவில்லை. எனவே வேலையின்மை விகிதத்தைப் பார்த்த கையோடு பங்கேற்பு விகிதத்தையும் (வேலை பார்ப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்து மக்களில் எத்தனை சதவீதம் என்பது) பாருங்கள்.

கேள்வி: 2023-24இல் படித்தவர்கள் நிறைந்த கேரளத்தில் வேலையின்மை 7.2 சதவீதம், மத்தியப் பிரதேசத்தில் 1.0. அப்படியானால் மத்தியப் பிரதேசம் முன்னேறிவிட்டதா?
*வாசகர், மார்த்தாண்டம்*

வேலை இல்லாமல் இருப்பதற்கும் கையில் கொஞ்சம் வசதி வேண்டும். அரைக்காணி நிலத்தில் நாலு பேர் உழுதால் நாலு பேரும் 'சுயதொழில்' கணக்கில் வருவார்கள். ஒருவர் விலகினாலும் விளைச்சல் குறையாது என்பது கணக்கில் வராது. 2023-24இல் நாட்டில் வேலை பார்ப்பவர்களில் 58.4 சதவீதம் சுயதொழில், மாதச் சம்பளக்காரர் 21.7 சதவீதம்தான்.

கேரளத்தில் பட்டம் வாங்கிய பிள்ளை, வளைகுடாப் பணமோ பெற்றோரின் ஓய்வூதியமோ வீட்டில் இருக்கும்வரை, தகுதிக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கும். 2023-24இல் அங்கே 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களிடம் வேலையின்மை 29.9 சதவீதம், நாட்டுச் சராசரி 10.2. அதே ஊரில் கட்டட வேலைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் வருகிறது. அங்கே வேலை இருக்கிறது. அது அந்தப் பிள்ளைகள் படித்த படிப்புக்கான வேலை இல்லை. மார்த்தாண்டத்தில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்கு தருமபுரி மாவட்ட வேலையின்மை விகிதம் தேவை. அறிக்கையில் மாநில எண்தான் இருக்கிறது.
*ஆய்வு மாணவர், தருமபுரி*

மூலத் தரவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் மாவட்டக் குறியீடும் உண்டு. பலர் வழுக்கி விழுவது அங்கேதான். 2024 வரையிலான சுற்றுகளில் நாடு முழுவதற்குமே மாதிரி சுமார் ஒரு லட்சம் வீடுகள். ஒரு மாவட்டத்தில் உழைப்புச் சந்தையில் இருக்கும் 300 பேர் கிடைத்து, வேலையின்மை 4 சதவீதம் வருகிறது என்று வையுங்கள். உண்மை எண் ஏறக்குறைய 1.8க்கும் 6.2க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஒரே தெருவில் பல வீடுகளை எடுப்பதால் அந்த இடைவெளி இன்னும் அகலும். இதை வைத்து 'தருமபுரி கிருஷ்ணகிரியை முந்தியது' என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

நான்கு ஆண்டுத் தரவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். அல்லது மாநிலத்தை வட கடலோரம், கடலோரம், தெற்கு, உள்நாடு என்று பிரித்திருக்கும் நான்கு மாதிரிக் கணக்கெடுப்பு வட்டாரங்களின் அளவில் நில்லுங்கள். ஆண்டு மதிப்பீட்டுக்கு முதல் வருகைக் கோப்பை மட்டும் எடுங்கள். அந்தச் சுற்றுகளில் மறுவருகை (அதே வீட்டுக்கு மீண்டும் போய்க் கேட்பது) நகர்ப்புறத்துக்கு மட்டுமே இருந்தது. பெருக்கு எண்ணை (மாதிரியில் உள்ள ஒருவர் எத்தனை பேருக்குச் சமம் என்று காட்டும் எடை) அப்படியே போடக்கூடாது. கோப்பில் துணை மாதிரியின் எண்ணிக்கையும் (NSS) துணை மாதிரிகள் சேர்ந்த எண்ணிக்கையும் (NSC) ஒன்றாக இருந்தால் 100ஆலும், வேறாக இருந்தால் 200ஆலும் வகுத்து, பிறகு நான்கு காலாண்டுக்கு 4ஆல் வகுக்க வேண்டும். விகிதம் எடுக்கும்போது இந்த 4 இரு பக்கமும் அடிபட்டுவிடும், 100-200 வேறுபாடு அடிபடாது. மாவட்டத்துக்குள் இறங்கும் முன், 2023-24க்கு தமிழ்நாட்டின் 3.5 உங்கள் கணினியில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பெருக்கு எண்ணிலோ வயது வரம்பிலோ (15ம் அதற்கு மேலும்) பிழை இருக்கிறது.

2025 ஜனவரியிலிருந்து மாதிரி 2.72 லட்சம் வீடுகளாகப் பெருகி, மாவட்டத்தை அடிப்படையாக வைத்தே தேர்வு நடக்கிறது. ஆனால் புதிய தொடரை பழையதோடு ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் செருப்புக் கம்பெனி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் கம்பெனி. ஆயிரக்கணக்கில் வேலை என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது நிலைக்குமா?
*வாசகி, செய்யாறு*

நாட்டின் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதில் உங்கள் செய்யாறு, திருப்பூர், ஒரகடம் எல்லாம் அடக்கம். டெல்டாவிலிருந்து போய் சுங்குவார்சத்திரம் விடுதியில் தங்கும் பெண், கணக்கெடுப்பில் விடுதி இருக்கும் மாவட்டத்து ஆளாகவே எண்ணப்படுவார். சொந்த ஊரின் விகிதம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்: தேடுபவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

நிலைக்குமா என்பதற்கு, பணி உத்தரவில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனியா, ஒப்பந்தக்காரரா, 'பயிற்சியாளர்' (அப்ரண்டிஸ்) என்ற சொல்லா? ஆலைத் தொழிலாளர்களில் நாடளவில் ஐந்தில் இருவர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். பயிற்சியாளர் சட்டப்படி சேர்ந்தவருக்கு பி.எஃப். கிடையாது. முதல் சம்பளச் சீட்டில் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். எண்ணை (உங்கள் பி.எஃப். கணக்குக்கான பொது எண்) வைத்துப் பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சீட்டில் பிடித்து கணக்கில் ஏறாமல் போவதும் உண்டு.

கேள்வி: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 60 லட்சம் பேருக்கு மேல் பதிந்திருந்தார்களே, அத்தனை பேரும் சும்மாவா இருந்தார்கள்? என் பதிவு காலாவதியாகிவிட்டது, புதுப்பிப்பதில் பயன் உண்டா?
*வாசகர், விருதுநகர்*

இல்லை. படிப்பவர், தனியாரில் வேலை பார்ப்பவர் எல்லோரும் அதில் உண்டு. வேலை கிடைத்தவர் போய்ப் பெயரை நீக்கச் சொல்வதில்லை. அது வேலையில்லாதவர் எண்ணிக்கையே அல்ல.

பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை, பதிந்த மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். தவறினால் மேலும் 18 மாதம் சலுகை. அதையும் தாண்டினால் மூப்பு போய்விடும், புதிதாகப் பதிய வேண்டும். தொழிற்கல்விப் பட்டமும் முதுகலையும் சென்னை, மதுரையில் உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவாகும். பதிந்து 5 ஆண்டு ஆகியும் வேலை இல்லை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் என்றால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், 3 ஆண்டுக்கு. இடையில் புதுப்பிக்காமல் விட்டு மூப்பு போயிருந்தால் அந்த 5 ஆண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே பழைய அட்டையில் இருக்கும் மாதத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.