மலைப்பாதையில் ஓடும் சிறிய காருக்கு ஏற்ற சப்வூஃபர் எது?

கேள்வி: கோத்தகிரியில் காய்கறி வியாபாரம் செய்கிறேன். என் ஹேட்ச்பேக் காரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அடிக்கடி மேட்டுப்பாளையம் சென்று வருவேன். காரோடு வந்த ஸ்டீரியோவில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போதவில்லை. கடையில் பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரில் 12 அங்குல, 1,000 வாட் வகையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் டிக்கி வியாபாரத்துக்கு உரியது. 12 அங்குல சப்வூஃபரின் பெட்டி அதில் கணிசமான இடத்தை அடைத்துவிடும். அட்டையில் அச்சிட்டிருக்கும் 1,000 வாட் என்பதும் பெரும்பாலும் நொடிப்பொழுது தாங்கும் உச்ச அளவே. தொடர்ந்து தாங்கும் திறனை ஆர்.எம்.எஸ். என்ற அளவு காட்டும். அது எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சிறிய காரின் மூடிய அறைக்குள் தாழ்ந்த ஒலிகள் தாமாகவே வலுப்பெறுவதால், 150 முதல் 250 வாட் ஆர்.எம்.எஸ். உங்களுக்குத் தாராளம்.

அங்குலத்தைவிடப் பெட்டியே முக்கியம் என்பது என் கருத்து. துளையுள்ள பெட்டி அதிகச் சத்தம் தரும். ஆனால் அது பெரியது, ஒலியும் சற்று இழுவையாக இருக்கும். முற்றிலும் மூடிய பெட்டியில் சத்தம் கொஞ்சம் குறைந்தாலும், தவிலின் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். 10 அங்குல சப்வூஃபர் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 28 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டி போதும். சரியான அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்து, அதன்படியே செய்யச் சொல்ல வேண்டும்.

உங்கள் தொழிலைப் பார்க்கும்போது, இருக்கைக்கு அடியில் பொருத்தும், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த 8 அங்குல வகையைத்தான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். அது டிக்கியில் ஓர் அங்குலத்தைக்கூடக் கேட்காது. மிகத் தாழ்ந்த ஒலிகளில் 10 அங்குலப் பெட்டிக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனால் இரண்டாம் கியரில் இறங்கும்போது எழும் எஞ்சின் இரைச்சலில் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அமுங்கிவிடும். வாங்கும் முன் இருக்கையின் அடி உயரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். இருக்கையை முன்பின் நகர்த்தி, ஒயர் எதுவும் சிக்குகிறதா என்றும் பாருங்கள். மழைநாளில் ஈரக் காலணியோடு ஏறுபவர்களால் தரைவிரிப்பில் நீர் தேங்குமானால், கருவியைச் சற்று உயர்த்திப் பொருத்த வேண்டும்.

அதன் ஒலி போதாது என்று தோன்றினால் மட்டும் டிக்கியின் ஓரத்தில் 10 அங்குல மூடிய பெட்டி வைக்கலாம். கழுவிய கேரட் மூட்டையிலிருந்து வடியும் நீர், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் பட்டால் பலகை ஊதிப்போகும்; வடகிழக்குப் பருவமழைக்கால ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே நீர் தாங்கும் பிளைவுட்டில் பெட்டியைச் செய்து, காகிதக் கூம்புக்குப் பதிலாக பாலிபுரோப்பிலீன் கூம்பு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியைப் போல்ட் போட்டு இறுக்காமல் விடவே கூடாது. கனமான பெட்டி கொண்டை ஊசி வளைவில் நகர்ந்தால் மூட்டைகள் நசுங்கும். திடீரென்று பிரேக் போட்டால் பின்னிருக்கையில் இருப்பவருக்கே ஆபத்து.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 80 சதவீதத் திறனுள்ள ஆம்ப்ளிஃபயர் 250 வாட் தரும்போது 13.8 வோல்ட்டில் சுமார் 23 ஆம்பியர் இழுக்கும். பாட்டின் சராசரித் தேவை இதைவிட மிகக் குறைவு. ஆனாலும் மூடுபனியில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓட, நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, அதனால் ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் முழு அளவு மின்சாரம் தருவதில்லை. 1,000 வாட் ஆசை பேட்டரியைத்தான் முதலில் பதம் பார்க்கும். பவர் ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினிய ஒயர் மலிவு என்பதற்காக ஏமாற வேண்டாம். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒயருக்கு ஏற்ற ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும்.

ஸ்டீரியோவை மாற்ற வேண்டியதில்லை. ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை-லெவல் இன்புட் உள்ள கருவியாக வாங்கினால் போதும். பொருத்திய பின், தாழ்ந்த ஒலிகளை மட்டும் உள்ளே விடும் லோ-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஸ்டீரியோவை முக்கால் அளவுக்குக் கூட்டி, பேஸ் கரகரக்கும் இடம் வரை கெய்னைத் திருப்பி, அங்கிருந்து சற்றுக் குறைத்து நிறுத்துங்கள். கெய்ன் என்பது சத்தத்தைக் கூட்டும் திருகு அன்று; ஸ்டீரியோ தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. பலர் அதைக் கடைசி வரை திருப்பித்தான் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைக் கருக்குகிறார்கள்.

மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பதால், வளைவுக்கு அப்பால் அடிக்கும் ஹார்ன் உங்களுக்குக் கேட்டாக வேண்டும். கண்ணாடியை ஏற்றிய நிலையிலும் அது கேட்கும் அளவுக்கு மேல் பேஸைக் கூட்டாதீர்கள். பலாப்பழக் காலத்தில் யானைகள் நடமாடும் குஞ்சப்பனைப் பகுதியில் சப்வூஃபரை அணைத்துவிடுவதே நல்லது.